ஓர் ஆங்கில வினைச்சொல்லும் ஊர்க் காணியும்

ஆங்கில மொழியிலே ‘செற்றில்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அகராதியைப் புரட்டித் தேடவேண்டிய அருஞ்சொல் அன்று அது. அடுக்களையிலும் கடைவீதியிலும் நாள்தோறும் வழங்கும் எளிய சொல். பறவையொன்று கிளையிலே வந்து அமர்ந்தால் அச்சொல்லைக் கூறுவர். கலங்கிய நீரிலே வண்டல் அடியிற் படிந்தாலும் அதுவே சொல். அழுத குழந்தை அடங்கினாலும், கடைப் பாக்கியைக் கொடுத்துத் தீர்த்தாலும், சகோதரர் இருவர் தம் வழக்கை முடித்துக்கொண்டாலும், ஒரு குடும்பம் புதியதோர் ஊரிலே சென்று வாழத் தொடங்கினாலும் ஆங்கிலேயருக்கு இந்த ஒரு சொல் போதும்.

நம்மவரும் இச்சொல்லைத் தமக்குரிய முறையில் எடுத்துக்கொண்டனர். “பிள்ளை செற்றிலாகிவிட்டதா?” என்று உறவினர் வினவும்போது, உத்தியோகம், விவாகம், வீடு ஆகிய மூன்றையும் சேர்த்தே வினவுகின்றனர் என்பதை நேயர்கள் அறிவர். தமிழ்நாட்டிலே தந்தை தன் மகனுக்கு எழுதிவைக்கும் பத்திரத்துக்குத் தானசெட்டில்மென்ட் என்று பெயர். கனடாவுக்கோ இலண்டனுக்கோ போனவரைக் குறித்து ‘அவர் அங்கேயே செற்றில்’ என்று சொல்லும்போது, நிம்மதியோடு இனித் திரும்பமாட்டார் என்ற ஏக்கமும் அச்சொல்லிற் கலந்திருக்கும்.

வீட்டுப் பேச்சிலே வழங்கும்வரை இச்சொல்லால் எவருக்கும் குழப்பம் இல்லை. அரசாங்க ஏட்டிலும், பொருளாதார அறிக்கையிலும், அரசியல் உடன்படிக்கையிலும் அது புகும்போதுதான் யார், எதை, யாருடைய நிலத்தில் என்ற கேள்விகள் எழுகின்றன. அதனை விளக்குதற்குக் கொக்கிளாயைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இலங்கையிலே கிடைப்பது அரிது. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலே, வடமாகாணமும் கிழக்கு மாகாணமும் சந்திக்குமிடத்தில் அமைந்த ஊர் அது. அதன் பரந்த களப்பு 1951இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. களப்பிலே பறவை வந்து அமர்கின்றது. ஆறுகள் கொணரும் வண்டல் படிகின்றது. கரையிலே மனிதர் வந்து குடியேறியதும், குடியேற்றப்பட்டதும், குடிபெயர்ந்ததும், மீளக் குடியமர்ந்ததும் ஆகிய வரலாறும் அங்கேயே நிகழ்ந்திருக்கின்றது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் வேர்ச்சொல் ஒன்றுதான்.

அச்சொல்லின் பிறப்பு ஆசனத்திலிருந்து தொடங்குகின்றது. பழைய ஆங்கிலத்திலே இருக்கையைக் குறித்த ஒரு பெயரினின்றும் இவ்வினை தோன்றியது. பின்னர், பிணக்கை நீக்கி இணங்குதல் என்ற பொருளுடைய மற்றொரு பழைய வினையும் ஒலியொப்புமையால் இதனோடு கலந்துவிட்டது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். ஆகவே, உட்காருதல் என்ற பொருளும் சமாதானமாதல் என்ற பொருளும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் பிணக்கு முடிந்துவிட்டது என்ற எண்ணம் அதிலே மறைந்து நிற்கின்றது. தமிழ் இவ்விடத்திலே சற்று எச்சரிக்கையான மொழி. நமது ‘அமர்’ என்ற சொல்லுக்கு உட்காருதல் என்ற பொருளும் உண்டு, போர் என்ற பொருளும் உண்டு. இவை இரண்டும் ஒரே வேரினவோ அல்லவோ, அருகருகே நிற்பது சிந்திக்கத்தக்கது.

தமிழில் எழுதுவோன் இந்த ஆங்கில வினையைக் கண்டவுடன் ஒரு தெரிவைச் செய்தே ஆகவேண்டும். கடனாயின் தீர்த்தல், வழக்காயின் இணங்குதல் அல்லது முடித்தல், காணி உரிமையாயின் நிர்ணயித்தல், வண்டலாயின் படிதல், மக்களாயின் குடியேறுதல். அம்மட்டோ? மக்களைப் பற்றிப் பேசும்போதும் தமிழ் மற்றுமொரு கேள்வியை எழுப்பும். தாமாக வந்தனரா, பிறர் கொண்டுவந்தனரா என்பதே அக்கேள்வி. தாமாக வந்தால் ‘குடியேறினர்’ என்பது தன்வினை. பிறர் கொண்டுவந்து இருத்தினால் ‘குடியேற்றினர்’ என்பது பிறவினை. ஓர் ‘ற’கரம் இரட்டிப்பதிலே ஓர் அரசாங்கம் முழுவதும் உள்ளே வந்துவிடுகின்றது. ஆங்கிலத்திலோ ‘ஐந்நூறு குடும்பங்கள் செற்றில் ஆயின’ என்று எழுதி, வந்தவை எவ்வாறு வந்தன என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். பாடசாலையிலே தன்வினை, பிறவினை என்ற பாடத்தை வெறும் சோதனைக்குரியதென்று கருதும் மாணவர் பலர். அரசியற் கட்டுரைகளைப் படிக்கும் காலத்திலே அப்பாடத்தின் பயன் தெரியும்.

பொருளாதாரத் துறையிலே இச்சொல்லின் ஆட்சி ஒப்பளவிலே தெளிவானது. அதனை விரைந்து கடந்துவிடலாம். கொடுக்கவேண்டியதைக் கொடுத்துக் கணக்கை மூடுவதே அங்கு பொருள். முதலாம் உலகப் போரின் பின்னர் ஜெர்மனி செலுத்தவேண்டியிருந்த நட்டஈட்டுப் பணத்தைக் கையாளுதற்காக 1930இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே நிறுவப்பட்ட பன்னாட்டு வங்கியின் ஆங்கிலப் பெயரிலே இச்சொல் இருக்கின்றது. வங்கிகளிடையே பெருந்தொகைப் பணம் கைமாறுதற்கு இலங்கை மத்திய வங்கி 2003இல் தொடக்கிய முறைக்கு ‘லங்காசெற்றில்’ என்றே பெயரிட்டனர். மத்திய வங்கியார் தமிழிலே இதற்குத் ‘தீர்ப்பனவு’ என்றொரு சொல்லை ஆக்கிக்கொண்டுள்ளனர். கொடுப்பனவு என்பதைப் பின்பற்றி எழுந்த அச்சொல் செவிக்குச் சற்றுப் புதுமையாயினும் பொருளுக்குப் பழுதில்லை. பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரு தரப்பாரும் ஒரே தொகையைத் தத்தம் ஏட்டில் எழுதிக்கொள்வர்.

காணி விடயத்திலே அவ்வாறு இரு தரப்பார் ஏடும் ஒத்துப்போவதில்லை. பிரித்தானியர் இந்தியாவிலே இச்சொல்லை நிலவரியோடு பிணைத்தனர். 1793இல் கோர்ன்வாலிஸ் பிரபு வங்காளத்திலே ஜமீன்தார்களோடு செய்துகொண்ட நிரந்தர ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரிலே இச்சொல்லே நிற்கின்றது. அங்கே நிர்ணயிக்கப்பட்டது அரசுக்கு வரவேண்டிய வரி. தமிழ்நாட்டிலே அத்துறைக்கு நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை என்று பெயர். இலங்கையிலே நிர்ணயிக்கப்பட்டது வரி அன்று. காணி யாருக்குச் சொந்தம் என்பதே.

அதன் வரலாறு இதுவாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆட்சியில்லாததாகவும் பயிரிடப்படாததாகவும் கிடக்கும் காணி யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று கொள்ளச் சொன்னது. நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையிலே வைக்கப்பட்டது. 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. 1931இல் அதன் இடத்திலே 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. முறை ஏறக்குறைய ஒன்றுதான்: இன்ன எல்லைக்குட்பட்ட காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வருக என்று நிர்ணய உத்தியோகத்தர் அறிவித்தல் விடுப்பார். எவரும் வாராவிடின் அக்காணி அரசுக்குரியது என்று கட்டளை பிறக்கும்.

இவ்விடத்திலேதான் சொல்லின் இரு பொருள்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அச்சட்டத்தின்படி உரிமை இன்னும் நிர்ணயிக்கப்படாத காணிக்கு ‘அன்செற்றில்ட்’ என்று பெயர். ஆனால் அதே சொல்லுக்குச் சாதாரண ஆங்கிலத்திலே ‘மக்கள் குடியிராத’ என்றும் பொருள் உண்டு. வன்னியிலே குளத்தின் கீழ் வயல் செய்து, மேட்டிலே சில ஆண்டுகளுக்கொருமுறை சேனை வெட்டிப் பயிரிட்டு, எஞ்சிய காட்டிலே தேனும் விறகும் எடுத்து வாழ்ந்த குடிகளுக்கு உறுதிப்பத்திரம் எழுதும் பழக்கம் அரிதாகவே இருந்தது. எல்லையை அயலவர் அறிவர். அதற்குமேல் ஒரு கடுதாசி வேண்டுமென்று எவரும் எண்ணியதில்லை. ஆகவே, பாட்டன் பூட்டன் காலந்தொட்டு மக்கள் வாழ்ந்த ஊரொன்று, கந்தோர் ஏட்டிலே ‘அன்செற்றில்ட்’ ஆக இருத்தல் கூடும். அவ்வேட்டை மட்டும் பார்த்துத் திட்டம் வகுப்போருக்கு அங்கே வெற்றுக் காடே தெரியும். காட்டிலே ஆட்களைக் கொண்டுவந்து இருத்துவதும் அவர்களுக்கு நற்பணியாகத் தோன்றும்.

இத்தகைய மயக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அவுஸ்திரேலியாவிலே பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்திருந்தும், அந்நாடு வெல்லப்பட்டதன்று, வெறுமனே குடியேறப்பட்டது என்று ஆங்கிலச் சட்டம் கொண்டது. பழங்குடிகளுக்கு நிலத்தில் உரிமை இருந்தது என்பதை அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாபோ வழக்கிலே ஒப்புக்கொண்டது 1992இலேயே ஆகும். கெனியாவிலே ‘செற்லர்’ என்றால் மேட்டுநிலத்தை வளைத்துக்கொண்ட வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. இலங்கையின் மகாவலி அறிக்கைகளிலே அதே சொல், இரண்டரை ஏக்கர் வயலுக்கு அனுமதிப்பத்திரம் பெற்ற ஏழை விவசாயியைக் குறிக்கின்றது.

குடியேற்றம் என்பதே தீயது என்று கருதுவதும் பிழையாகும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிலமற்றோருக்கு நிலமளிக்கும் நோக்கத்தோடு எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைப்பதற்காக 1936இல் இரணைமடுக் குளத்தை அண்டித் தொடங்கிய குடியேற்றத்தினாலேயே கிளிநொச்சி நகரம் எழுந்தது. அங்கு சென்ற யாழ்ப்பாணத்து விவசாயியும் குடியேற்றவாசியே. நுளம்பும் மலேரியாவும் காட்டு யானையும் கண்ட அவரது உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. 1949இல் கல்லோயாவிலே தொடங்கிய பெருந்திட்டத்தினாலும் நிலமில்லாத பல்லாயிரவர் நிலம் பெற்றனர். ஆயின், யாரைக் குடியேற்றுவது, யார் தெரிவு செய்வது, அதனால் ஒரு மாவட்டத்தின் சனத்தொகை எவ்வாறு மாறும் என்ற வினாக்கள் எழுந்தபோது, விவசாயத் திட்டம் அரசியற் பிணக்காயிற்று.

அப்பிணக்கு மணலாற்றுப் பகுதியிலே, கொக்கிளாயின் பின்புறத்துக் காடுகளிலே, எத்தகைய வடிவம் கொண்டது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அங்கே கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்று இரு பண்ணைகள் இருந்தன. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தினால் வீடிழந்த மலையகத் தமிழர் அங்கே குடியமர்த்தப்பட்டிருந்தனர். 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்விடங்கள் திறந்தவெளிச் சிறைச்சாலைகளாக்கப்பட்டு, சிங்களக் கைதிகள் தம் குடும்பத்தாரோடு கொண்டுவந்து இருத்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கி அங்கிருந்தோரைக் கொன்றனர். மறுநாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவக் குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். தொடர்ந்து டிசெம்பர் மாதத்திலே இராணுவ நடவடிக்கைகளில் தமிழர் பலர் உயிரிழந்தனர்; கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். 1988இல் அப்பிரதேசம் வெலிஓயா என்ற பெயரோடு மகாவலியின் ‘எல்’ வலயமாயிற்று.

ஏழே ஆண்டுகளில் ஒரு நிலத்திலே இரண்டு குடியமர்த்தல்கள். மலையகத் தொழிலாளியும், சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதியும், அவன் மனைவி மக்களும் அந்த இடத்தைத் தாமாகத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஆங்கில அறிக்கைகளில் இவர்கள் யாவரும் ‘செற்றில்’ ஆனவர்களே. தமிழ்ப் பிறவினையிலே எழுதிப் பார்த்தால்தான், அவர்கள் பின்னே நின்ற கை தெரிகின்றது.

கொக்கிளாய்க் கரையிலே இன்னொரு நுட்பமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே, நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து கரைவலை இழுப்பது நெடுநாள் வழக்கம். அவர்கள் ஓலையால் அமைக்கும் தற்காலிகக் குடிலுக்கு வாடி என்று பெயர். வலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். பருவம் முடிந்தால் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விடுவர். ஊரவருக்கும் வந்தவருக்கும் இடையிலே வியாபாரமும் பழக்கமும் இருந்தன. பாட்டின் உரிமை பற்றிய சச்சரவும் இருந்தது. வாடியிலிருப்போன் குடியேறியவன் அல்லன் என்பதை இரு சாராரும் அறிவர். ஓலைக்குப் பதிலாக ஓடும், கம்புக்குப் பதிலாகக் கல்லும் வந்தபோதுதான் சொல் மாறிற்று. சொல் மாறியபோது வழக்கும் பிறந்தது. இந்த வேறுபாட்டைக் கடற்கரைத் தமிழ் இரண்டு சிறு சொற்களால் காத்து வந்தது. அறிக்கை எழுதுவோர் அவற்றைக் கேட்டறிந்திருந்தால் நலமாயிருக்கும்.

இனி, அரசியல் உடன்பாடு என்ற பொருளிலே இச்சொல் வழங்குமாற்றைப் பார்ப்போம். ஆங்கிலப் பத்திரிகைகளிலே அது ‘அரசியல் செற்றில்மென்ற்’. தமிழிலே அரசியல் தீர்வு. 1957 யூலை 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் அத்தகைய தீர்வுக்கான முயற்சி. அதன் உள்ளே புகுந்து பார்த்தால், குடியேற்றத் திட்டங்களிலே காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு இருத்தல் வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கின்றது. அதாவது, ஒரு செற்றில்மென்ற்றின் வயிற்றிலே மற்றொரு செற்றில்மென்ற் கிடந்தது. 1958 ஏப்ரிலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தமும் காணியைத் தொட்டது: வடக்குக் கிழக்கில் காணி வழங்கும்போது முதலில் அந்தந்த மாவட்டத்தின் நிலமற்றோர், அடுத்து அம்மாகாணங்களின் தமிழ் பேசும் மக்கள், அதன் பின்னரே ஏனைய பிரசைகள் என்று வரிசை வகுத்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்திலும் காணியும் காணிக் குடியேற்றமும் பற்றிய ஒரு பின்னிணைப்பு சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகளிலே மூன்று முறை, பிணக்கைத் தீர்க்க வந்தவர்கள் குடியேற்றத்தையே முதலில் தீர்க்கவேண்டியிருந்தது.

ஆங்கிலத்திலே இவ்வினையோடு ஒரு சிறு இடைச்சொல்லைச் சேர்த்தால் பொருள் மற்றொரு வகையாகத் திரும்பும். கேட்டது கிடையாமல், கிடைத்ததை ஏற்று அமைதல் என்று பொருள்படும். பத்து ஏக்கர் கேட்டவன் ஓர் ஏக்கருக்கு இணங்குவது போன்றது அது. பேச்சுவார்த்தை மேசையிலே ஒரு தரப்பார் முதற் பொருளிலே பேசிக்கொண்டிருக்க, மறு தரப்பார் இப்பொருளை மனத்திலே வைத்திருப்பதும் உண்டு.

போர் 2009 மே மாதத்திலே முடிந்தபின் இச்சொல் ஒரு முன்னொட்டையும் பெற்று நாடெங்கும் பரவியது. மீள்குடியேற்றம் என்பது அமைச்சொன்றின் பெயராகவும் ஆயிற்று. ‘மீள்’ என்ற அடைக்குப் பழைய இடத்துக்கே திரும்புதல் என்பதே பொருள். செட்டிகுளத்து மெனிக் பண்ணை முகாம் 2012 செப்டெம்பரிலே மூடப்பட்டபோது, இறுதியாக அங்கிருந்த கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குப் போகவில்லை. அவர்களுடைய ஊரிலே படையினர் நிலைகொண்டிருந்தனர். மக்கள் சீனியாமோட்டையிலே காடு வெட்டிய வெளியிலே இறக்கப்பட்டனர். முகாம் மூடப்பட்டது, மீள்குடியேற்றம் நிறைவுற்றது என்று அறிவிக்கப்பட்டது. தம் வீடு வளவை வேலிக்கு அப்பால் நின்று பார்த்த அம்மக்கள், தம் நிலம் கேட்டு 2017இலும் வீதியோரத்திலே அமர்ந்திருந்தனர்.

கொக்கிளாய் மக்களுள் உயிர் தப்பியோரும் அவர்தம் பிள்ளைகளும் போர் முடிந்தபின் திரும்பினர். கால் நூற்றாண்டு கடந்திருந்தது. கிணறு தூர்ந்து, வளவு காடாகியிருந்தது. தாம் விதைத்த வயல்களுக்கு மகாவலி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேறு ஆட்களிடம் இருக்கின்றதென்று பலர் முறையிட்டனர். பிறந்த ஊரிலே அவர்களும் படிவங்களிற் ‘குடியேறியோர்’ ஆயினர். அவர்கள் வயலைப் பெற்றவரும் குடியேறியோரே. தான் பிறந்த ஊருக்குத் திரும்பியவனை அப்பெயரால் அழைப்பது தமிழுக்கு ஒவ்வாது. ‘ஊர் திரும்பினர்’ என்ற இரண்டு சொற்கள் நம்மிடம் உண்டு. அவற்றை வழங்குவதற்கு எந்தக் கந்தோரின் அனுமதியும் தேவையில்லை.

சொல்லின் இப்பழைய கதை முடிந்ததென்று எண்ணியிருந்தோருக்கு 2025ஆம் ஆண்டு ஒரு வர்த்தமானியைக் கொணர்ந்தது. மார்ச் 28ஆம் நாளிட்ட அவ்வறிவித்தல், 1931ஆம் ஆண்டின் அதே காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறக்குறைய 5,900 ஏக்கர் காணியைக் குறித்தது. முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கர் வரையில். உரிமை கோருவோருக்கு முன்போலவே மூன்று மாத தவணை. அறிவித்தல் நிர்ணயம் என்றே கூறிற்று. வடக்கிலே படித்தவருக்குக் குடியேற்றம் என்ற மற்றப் பொருளே முதலில் நினைவுக்கு வந்தது. வீட்டோடு உறுதிகளும் எரிந்துபோனவர்களும், கடல்கடந்து வாழ்வோரும், இறந்த தந்தையின் பெயரிலிருந்து காணியை மாற்றிக்கொள்ளாத பிள்ளைகளும் மூன்று மாதத்துக்குள் எந்தக் கடுதாசியைக் கொண்டுபோவர் என்ற கேள்வி எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அறிவித்தலை மீளப்பெறுவதாக அரசாங்கம் கூறிற்று. யூன் மாதத்திலே உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது. 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மட்டும் நீக்கப்படவில்லை. மூன்று மாதம் என்ற தவணையோடு அது சட்டப் புத்தகத்திலேயே இருக்கின்றது.